அப்பா, அம்மா போன பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பப் போனவர்கள் எழுதுங்கள்

அப்பா போன பிறகு வீட்டைத் திறந்தது நானும் அக்காவும்தான். அந்த அடைத்த வாடை, யார் முதலில் உள்ளே போவது என்ற தயக்கம் எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இன்னும் மனசைவிட்டுப் போகாதது அவருடைய மூக்குக்கண்ணாடி. மேஜைமேல் விரித்தபடியே கிடந்தது. இடது லென்ஸில் கட்டைவிரல் ரேகை. எப்போதும் அங்கே பிடித்துத்தான் கழற்றுவார். அதற்காக அம்மா திட்டாத நாள் இல்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு வளைவும் தெரிந்தது. அக்கா பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனாள். நான் பிடித்த பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்துவிட்டது. இறுதிச் சடங்கில்கூட அழாதவன், அங்கே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

---

எனக்கு அம்மா. போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. கதவைத் திறந்ததும் கை தானாகப் போய் சுவிட்சைத் தட்டியது. இப்போது குடியிருக்கும் வீட்டில் இன்னமும் சுவரைத் தடவித்தான் தேடுகிறேன். விளக்கு எரிந்ததும் வாய் முந்திக்கொண்டு "அம்மா, வந்துட்டேன்" என்றது. சொன்ன பிறகுதான் உறைத்தது. பதில் வரவேண்டிய அறையைப் பார்த்தபடி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

---

முதலில் எழுதிய தம்பிக்கு: அக்காவைத் தடுத்திருக்க வேண்டாம். துடைத்து அடுக்கினால்தான் சிலருக்கு மனசு ஆறும். என் அப்பாவின் சட்டை ஆணியில் தொங்கியது, கை மடித்தது மடித்தபடியே. நான்தான் பிரித்துவிட்டேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லாரும் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு துணியையாவது துவைக்காமல், ஈரம் இல்லாமல், காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். வாசனை மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிகளுக்கு ஏறக்குறைய நேராகப் போய்ச் சேருகிறது. போட்டோவைவிட அது சட்டென்று ஆளைக் கொண்டுவந்துவிடும். கேசட் இருந்தால் முதல் வேலையாகக் கணினியில் ஏற்றுங்கள். காந்த நாடா வருடம் போகப் போகக் கெடும். பில்லின் பின்பக்கம் அவர்கள் ஏதாவது எழுதியிருந்தால் நகல் எடுங்கள். சூட்டில் அச்சாகும் தாள் பழுப்பேறும், கறுத்தும் போகும். அப்புறம் போன் நம்பரை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். வங்கிக் கணக்கு அதோடு இணைந்திருக்கும். விட்டுவிட்டால் நாளைக்கு வேறொருவர் அதே நம்பரில் எடுத்துப் பேசுவார். அதைத் தாங்குவது கஷ்டம்.

---

பை, கேசட் எல்லாம் சரி ஐயா. ஆனால் அந்தத் தம்பி செய்ததைத் தப்பு என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? அந்த நேரத்தில் யார் யோசித்துச் செய்கிறார்கள்? அது அவர் அப்பாவின் விரல்.

நான் சொல்ல வந்தது வேறு. அம்மாவின் அறையை ஒழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து அவருடைய இருமல் கேட்டது. பேச ஆரம்பிக்கும்முன் தொண்டையைச் சரிசெய்வாரே, அந்த இருமல். புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. பிறகுதான் படித்தேன்: வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் கேட்டு 1971இல் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மாதிரி ஏதாவது ஓர் அனுபவம் இருந்திருக்கிறது. அதில் அதிகம் பேர் சொன்னது, இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தது. சிலர் குரலும் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் அதுவரை வெளியே சொன்னதே இல்லை. அதைப் படித்த பிறகுதான் என் தம்பியிடம் வாயைத் திறந்தேன். அவனும் கேட்டிருக்கிறான்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். பகலிலா, தூக்கக் கலக்கத்திலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.