கார்டு பாக்கி, பர்சனல் லோன், ஆப் கடன் மூன்றும் நெருக்குகின்றன, செட்டில்மென்ட் போகலாமா?

திருப்பூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, கைக்கு வருவது 36,000. இரண்டு கிரெடிட் கார்டு, ஒன்றில் 1,40,000, இன்னொன்றில் 65,000 பாக்கி. பர்சனல் லோன் இஎம்ஐ 8,200. அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தபோது கார்டில் ஏறிய தொகை, அப்புறம் மினிமம் டியூ (மாதாமாதம் கட்டியே தீர வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டியே வண்டி ஓடுகிறது, பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது. நடுவில் ஒரு லோன் ஆப்பில் 15,000 எடுத்தேன். அவர்கள் விடியற்காலையிலேயே கூப்பிடுகிறார்கள், மச்சானுக்கும் வாட்ஸ்அப்பில் என்னைப் பற்றி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது ஒரு கடன் நிவாரண கம்பெனி, "எல்லா இஎம்ஐயையும் நிறுத்துங்கள், மாதாமாதம் எங்களுக்குக் கட்டணம் கட்டுங்கள், பாதித் தொகையில் முடித்துத் தருகிறோம்" என்கிறது. மாமா ஒருவர் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடு என்கிறார். போலீஸ் வருமா என்று வீட்டில் பயந்து போயிருக்கிறார்கள். எது சரி, சொல்லுங்கள்.

ஈரோடு கணக்கர்:
நண்பரே, முதலில் உங்கள் கார்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 3.6 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் 1,40,000-க்கு 5,040, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 907, ஆக மொத்தம் 5,947. மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 7,000. அசலில் கழிவது ஆயிரம் ரூபாய் சொச்சம்தான், அந்த மாதமே கார்டில் மளிகை வாங்கினால் அதுவும் போச்சு. பாக்கி நிற்கும் வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும், 45 நாள் சலுகை எல்லாம் கிடையாது. அதனால் இரண்டு கார்டையும் இன்றோடு நிறுத்துங்கள்.

வீட்டில் மூன்று பவுன் இருக்கிறதா? சொசைட்டியிலோ அரசு வங்கியிலோ வைத்துப் பெரிய கார்டை மூடப் பாருங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் என்றால் அதே தொகைக்கு மாத வட்டி 1,170 போலத்தான் வரும். மிச்சமாகும் பணத்தை மாதாமாதம் நகைக்கடன் அசலிலேயே கட்ட வேண்டும், வருடக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். 2021 தேர்தலுக்குப் பிறகு கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி வந்ததை நினைத்து, அடுத்த தேர்தலுக்கும் வரும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே நிபந்தனைகளில் நிறைய பேர் விடுபட்டுப்போனார்கள். நகை இல்லையென்றால் பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரச் சொல்லி வங்கிக்கு மெயில் போடுங்கள். போனில் பேசினால் போதாது.

வசூல் பிரிவில் இருந்தவன்:
செட்டில்மென்ட், அதாவது வங்கியோடு பேசிக் குறைந்த தொகையில் கடனை முடிப்பது பற்றிக் கேட்டீர்கள், அதைச் சொல்கிறேன். நகையில்லாமல், வருமானமும் குறைந்துபோய், தவணை தவறி 90 நாள் தாண்டி என்பிஏ (வாராக்கடன்) ஆகிவிட்டவருக்கு செட்டில்மென்ட் தப்பில்லை. உங்களுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. 36,000 சம்பளம் தவறாமல் வரும்போது இஎம்ஐயை வேண்டுமென்றே நிறுத்துவது, அதுவும் ஒரு கம்பெனி சொல்லி நிறுத்துவது, எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த மாதங்களில் வட்டி, அபராதம் ஏறுவது உங்கள் தலையில், கட்டணம் அவர்கள் பையில். வங்கியோடு நீங்களே பேசலாம், அதற்குத் தரகர் தேவையே இல்லை.

ஒருவேளை பின்னால் செட்டில்மென்ட் போனாலும், வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகையும் தேதியும் போட்ட கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். ஏஜென்ட்டின் ஜிபேக்கு எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்ட்' என்று வராது, 'செட்டில்ட்' என்று வரும், வீட்டுக் கடன் கேட்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் விதிப்படி, செட்டில் செய்த அதே வங்கி குறைந்தது 12 மாதத்துக்கு உங்களுக்குப் புதுக் கடன் தரக் கூடாது.

கோர்ட் பக்கம் இருப்பவர்:
வீட்டில் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. கடன் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் ஆவணம் கொடுத்திருந்தால் கதை வேறு. ஆனால் பணமில்லாமல் செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு, ஆட்டோ டெபிட் (கணக்கிலிருந்து தானாக எடுக்கும் தவணை) திரும்பினால் 2007-ஆம் வருடப் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவு, இரண்டிலும் கிரிமினல் வழக்கு உண்டு. ஆகவே அந்தத் தேதியில் கணக்கில் பணம் இருக்கட்டும், முடியாதென்றால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள்.

மஞ்சக் கடுதாசி என்று மாமா சொல்வது ஐபி, அதாவது கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு. திவால் சட்டம் 2016-இல் புதிதாக வந்தாலும், தனிநபர் பகுதி கம்பெனிக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலானது. உங்களைப் போன்றவர்களுக்கு இன்னமும் 1920-ஆம் வருடச் சட்டம்தான். சொத்து ரிசீவர் (கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர்) கைக்குப் போகும். விடுவிப்பு கிடைக்கும் வரை, திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். நான்கு லட்சம், ஐந்து லட்சத்துக்கு இது வேண்டாம். வழக்கு என்று வந்துவிட்டால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்கலாம், கோர்ட் கட்டணம் இல்லை, அங்கே போடும் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை. இலவச சட்ட உதவிக்கு 15100.

திருப்பூர்வாசி:
ரொம்ப நன்றி. மனைவியிடம் நகை பற்றிப் பேசுகிறேன். அந்த ஆப்காரர்களை என்ன செய்வது? சம்பளக் கணக்கும் பெரிய கார்டும் ஒரே வங்கி, அதில் ஏதாவது சிக்கல் உண்டா?

வசூல் பிரிவில் இருந்தவன்:
காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. உங்கள் தொடர்பு எண்களை ஆப் எடுப்பதும் விதிமீறல். ஸ்கிரீன்ஷாட், அழைப்புப் பதிவு எல்லாம் சேர்த்து வையுங்கள். அந்த ஆப்புக்குப் பின்னால் பதிவு பெற்ற நிறுவனம் இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கித் தளத்தில் உள்ள பட்டியலில் தேடுங்கள். இருந்தால் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், உதவிக்கு 14448. பட்டியலில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சச்செட் புகார் தளத்தில் புகார் செய்யுங்கள், மிரட்டுவதற்கு 1930-இல் சைபர் கிரைம்.

சம்பளக் கணக்கு விஷயம் முக்கியம். கார்டு பாக்கி தவணை தவறினால் அதே வங்கி உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும், வாடகைப் பணம் ஒரே நாளில் காணாமல் போகும். வேறு வங்கியில் கணக்கு திறந்து, அடுத்த சம்பளத்துக்கு முன் ஹெச்ஆரிடம் கொடுத்துவிடுங்கள். பர்சனல் லோன் இஎம்ஐக்கான பணத்தை மட்டும் மறக்காமல் பழைய கணக்கில் போட்டு வையுங்கள்.