மறு: எட்சிங் = செதுக்கோவியம்? (கூடவே ஸ்டாப்பிங் அவுட்)

ஐயா, வணக்கம்.

எட்சிங்குக்கு (மெழுகு பூசிய உலோகத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரித்து அச்சிடும் படம்) நம் கலைச்சொல் குழுவில் வந்த 'செதுக்கோவியம்' எனக்கு ஒப்பவில்லை. பியூரின் என்ற கூர்ங்கருவியால் செம்பைத் தோண்டி எடுக்கிறார்களே, அந்த என்கிரேவிங்குக்கு அது பொருந்தும். எட்சிங்கில் ஊசி மெழுகுப் பூச்சை மட்டும்தான் கீறுகிறது. தகட்டில் பள்ளம் பறிப்பது அமிலம். ஆகவே அரிப்போவியம் என்பேன். அரிப்பு என்றால் சொறிதான் நினைவுக்கு வரும் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். மண்ணரிப்பைப் பள்ளிப் பாடத்தில் படித்த யாரும் சொறிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

பெரிய சிக்கல் ஸ்டாப்பிங் அவுட், அதாவது சில கோடுகளை இடையில் மூடி அமிலம் படாமல் தடுப்பது. காட்டை வரைபவருக்கு இதை விட்டால் வழியில்லை. தகடு முழுக்க ஒரே ஊசிதான் ஓடியிருக்கும். தொலைவு மரமும் முன்னால் நிற்கும் ஓக்கும் ஒரே தடிமன். முதலில் நைட்ரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் வைப்பார்கள். கோடுகள்மேல் குமிழி கட்டும், அதை இறகால் தள்ளிவிடுவார்கள். பிறகு தகட்டை எடுத்துக் கழுவி, உலர்த்தி, தொலைவு மரங்களின்மேல் வார்னிஷ் பூசிவிட்டு மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். மூடிய கோடு மெலிதாகவே நிற்கும். திறந்திருக்கும் கோடு ஆழமாகி, அச்சில் கறுத்து விழும். காட்டின் ஆழம் இப்படித்தான் வருகிறது. இந்தப் படிப்படியான அரிப்பைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் லொரேனின் (இன்று பிரான்சில் உள்ளது) ஜாக் காலோ (1592–1635).

ஸ்டாப்பிங் அவுட்டுக்கு 'அரிப்படைப்பு' (அரிப்பு + அடைப்பு) என்ற பரிந்துரை வந்தது. கண் அதை 'அரிப் படைப்பு' என்றே வாசிக்கிறது, வேண்டாம். 'அரிகாப்பு' எப்படி? கோட்டை மேலும் அரிக்கவிடாமல் காப்பது. 'தொலைவு மரங்களுக்கு அரிகாப்பு இட்டார்' என்று வினையோடும் ஒட்டுகிறது.

இடையில் ஒரு செய்தி. ஜெர்மனியின் தெசா நகரில் வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் கோல்பே, ஓக் மரங்களை அரித்து அரித்தே 'ஓக் கோல்பே' என்று பெயர் வாங்கியவர். 1801-இல் செய்த 'நானும் ஆர்க்காடியாவில்' படத்தில் பூதாகரமான இலைகளுக்கு அடியில் ஓர் ஆணும் பெண்ணும் பூச்சிபோல நிற்பார்கள். அதே மனிதர் 1809-இல் ஜெர்மனில் பிறமொழிச் சொல் கலப்பதைச் சாடி ஒரு நூலே எழுதினார். நம் குழுவில் சேர்ந்திருக்க வேண்டியவர்!

அக்வாடிண்ட் (கோடுகளுக்குப் பதில் நிழல் சாயல் தரும் அரிப்பு முறை) என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. பூச்சு விட்டுப்போன இடத்தில் அமிலம் புகுந்து புள்ளி புள்ளியாகத் தின்றுவிடுமே, ஃபௌல் பைட்டிங், அதற்கு 'கள்ள அரிப்பு' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.