ஆஸ்பத்திரிச் செலவு: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உங்கள் அனுபவம் என்ன?

காரிமங்கலம்காரர்:
அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாத்திரைக்கே மாதாமாதம் பெரிய தொகை போய்க்கொண்டிருந்தது. நாங்கள் போட்ட தக்காளிக்கு விலை விழுந்த சமயம், செலவை மிச்சம் பிடிக்க ராத்திரி மாத்திரையை அம்மா போடாமலே விட்டிருக்கிறார். அது தெரிந்தபோது மனசு கேட்கவில்லை.

வீடு தேடி வந்து மருந்து தரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலை செய்கிற அக்கா ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்தார். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனி வைத்த பெயரைத் தள்ளிவிட்டு, மருந்தின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்: மெட்ஃபார்மின், அம்லோடிபின். “இதையேதான் தம்பி நாங்களும் குடுக்கிறோம், காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரைப் பார்த்துட்டு மாத்திக்கோங்க” என்றார். பார்த்தோம், மாற்றினார்கள். இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கிவைத்ததே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். டாக்டரைக் கேட்காமல் மட்டும் மருந்தை மாற்றாதீர்கள்.

தொப்பூர் பக்கத்திலிருந்து:
கணவாய் இறக்கத்தில் தம்பியின் பைக்கை லாரி இடித்துவிட்டது. தூக்கிப்போன தனியார் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) முதல் பேச்சே முன்பணம்தான். சித்தப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். ஆம்புலன்ஸில் வந்த பையன்தான் தடுத்தான். “அண்ணே, பணம் கட்டாதீங்க. இது 48 திட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரி. காப்பீட்டு கவுன்டர்ல கேளுங்க.”

கேட்டோம். அதற்கப்புறம் முன்பணம் என்ற பேச்சே எழவில்லை. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’, 2021 டிசம்பரில் வந்த திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். காப்பீட்டு அட்டை உண்டா, எந்த ஊர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. செலவுக்கு ஓர் உச்சவரம்பு மட்டும் உண்டு. நிலைமை தேறியதும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டோம். கால் எலும்பு ஆபரேஷன் அங்கேதான் நடந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவனின் வீட்டாரிடம் இந்தத் திட்டத்தைப் பற்றி அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்காரர்களே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் காசு கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓசூர், கம்பெனி வேலை:
இன்ஷூரன்ஸ் இருக்கிறவர்கள் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். என் சகலையின் பாலிசி 3 லட்சம், அறைக்கு ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000. “இதுதான் காலியா இருக்கு சார்” என்று 6,000 ரூபாய் அறையைத் தந்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று அறை வாடகையில் மட்டுமா கழித்தார்கள்? டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸ் சார்ஜ் எல்லாவற்றிலும் பாதி. வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால் அதே விகிதத்தில் மற்றதையும் வெட்டலாம் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே இதைச் சொல்ல ஆளில்லை.

இன்னொன்று. வேலை போனால் கம்பெனி காப்பீடும் போய்விடும். முடிந்தவர்கள் வயது ஏறுமுன் தனியாக ஒரு பாலிசி எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. ஏற்கெனவே இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள். அந்த நோய்க்குக் காப்பீடு செல்லக் காத்திருக்க வேண்டிய காலம் இப்போது அதிகபட்சம் 3 ஆண்டுதான்.

ஊத்தங்கரை அக்கா:
முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தார்களே, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விஏஓவிடம் வருமானச் சான்று, கூடவே ரேஷன் கார்டு, ஆதார். கலெக்டர் ஆபீஸில் இதற்கென்றே மையம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவுக்கு வரும். சும்மா காய்ச்சலுக்குப் பார்த்துவிட்டு வருவதற்குச் செல்லாது, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபிறகு அலையாமல், வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே போய் எடுத்து வைத்துவிடுங்கள்.