எண்ணெய் குறைத்து அடைத்த கத்திரிக்காய் செய்வது எப்படி?

யாங்கூன் இல்லத்தரசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கூடியிருப்பதால் சமையலில் எண்ணெயைப் பாதியாகக் குறைக்கும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மசாலா அடைத்த எண்ணெய்க் கத்திரிக்காய் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மாமியார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அது கால் கோப்பைக்குக் குறையாத நல்லெண்ணெயில்தான் வதங்கி வருகிறது. எண்ணெயைக் குறைத்தால் தோல் வறண்டு, காம்புப் பக்கம் வேகாமல் நின்றுவிடுமோ என்று தயங்குகிறேன். மேலும், காளி கோயிலை ஒட்டிய தெயிஞ்சி சந்தையில் குட்டைக் கத்திரிக்காய் எல்லா நாளும் அகப்படுவதில்லை. நீளமான ஊதாக் காய்தான் எப்போதும் கிடைக்கிறது. அதிலும் மசாலா அடைக்க முடியுமா? உள்ளே வைக்கும் வேர்க்கடலை அவருக்கு ஆகுமா? செய்து பழகியவர்கள் விளக்கமாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மோல்மேன் பெரியம்மா எழுதியது:

கவலைப்படாதே அம்மா, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் இதைத் தாராளமாகச் செய்யலாம். முதலில் கத்திரிக்காய் ஏன் அத்தனை எண்ணெய் கேட்கிறது என்று தெரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. அதன் சதை முழுவதும் காற்று நிறைந்த பஞ்சு போன்றது. பச்சையாக எண்ணெயில் போட்டால் காற்று வெளியேறும் இடத்தில் எண்ணெய் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னதாகவே ஆவியில் வைத்துவிட்டால் சதை அமுங்கி, எண்ணெய் குடிக்க இடமில்லாமல் போகும்.

கால் விசை, அதாவது ஏறத்தாழ 400 கிராம் காய் நாலு பேருக்குப் போதும். காம்பு பச்சையாகவும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் மீண்டு வருவதாகவும் பார்த்து வாங்கு. கையில் எடுத்தால் கனமாக இருக்கும் முற்றல் காயில் விதை மிகுந்து கசக்கும். காம்பை நீக்காமல் அடியிலிருந்து நான்காகக் கீறி, உடனே உப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் கறுக்கும். நீளக் காயாக இருந்தால் மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு முனையிலிருந்து முக்கால் நீளம் வரை மட்டும் கீறு. கீறாமல் விட்ட அந்தக் கால் பாகம்தான் காம்பின் வேலையைச் செய்து துண்டைச் சேர்த்துப் பிடிக்கும்.

மசாலாவுக்கு மூன்று மேசைக்கரண்டி வேர்க்கடலை, ஒரு மேசைக்கரண்டி எள், இரண்டு தேக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி கடலைப் பருப்பு, அரைத் தேக்கரண்டி சீரகம், நாலைந்து காய்ந்த மிளகாய் ஆகியவற்றை எண்ணெய் விடாமல் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள்ளைக் கடைசியில் போட்டு, வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடு. ஒரு நொடி கூடினாலும் கசந்துவிடும். ஆறிய பிறகு ரவைப் பதத்தில் பொடித்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, கெட்டியாகக் கரைத்த புளி சேர்த்துப் பிசைந்துகொள். நைசாக அரைத்தால் மசாலா பசையாகிக் காயோடு ஒட்டாமல் வழுக்கும்.

அடைத்த காய்களை இட்லிப் பானையில் எட்டு நிமிடம் ஆவியில் வை. பிறகு அடிகனமான இருப்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, காய்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே வரிசையாகப் பரப்பி, மூடியிட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் விடு. கரண்டியால் கிண்டாதே; காம்பைப் பிடித்து ஒருமுறை திருப்பினால் போதும். தோல் சுருங்கி, காம்படியில் கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள்.

பகோ வாசகர் எழுதியது:

பெரியம்மா சொன்ன செய்முறையில் ஆளுக்கு எவ்வளவு கலோரி சேரும் என்பதையும் சேர்த்துச் சொல்வது சகோதரிக்கு உதவும். கால் கோப்பை எண்ணெயில் மட்டும் சுமார் 480 கலோரி இருக்கிறது. இரண்டு தேக்கரண்டியில் 80தான். 400 கிராம் கத்திரிக்காயில் 100 கலோரியும், ஏறத்தாழ 12 கிராம் நார்ச்சத்தும் உண்டு. மூன்று மேசைக்கரண்டி வேர்க்கடலை 170 கலோரியும், எள் 50 கலோரியும் தரும். ஆக, நாலு பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு நூறைச் சற்றே தாண்டும். வேர்க்கடலையில் மாவுச்சத்து குறைவு, புரதம் மிகுதி என்பதால் சர்க்கரை உள்ளவர் இந்த அளவில் தயங்காமல் சாப்பிடலாம். எனவே தயவுசெய்து கடலையைக் குறைத்துவிடாதீர்கள்.

கவனம் வைக்க வேண்டியது தட்டில் குவியும் வெள்ளைச் சோற்றில்தான். இந்தக் கறி சுவையாக அமைந்தால் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போய்விடும் என்பதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். சோற்றைக் கால் தட்டோடு நிறுத்தி, கத்திரிக்காயையும் கீரையையும் பாதித் தட்டுக்கு வைத்து, மீதியில் பருப்போ மீனோ வைத்துப் பரிமாறுங்கள். கொழுப்பு கூடியவருக்கு ஊர் பெயர் தெரியாத மலிவான பாமாயிலை விட, மக்வே பக்கத்து எள்ளில் செக்கிலாட்டிய எண்ணெய் கொஞ்சமாக ஊற்றினாலும் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தட்டோன் சமையலறை எழுதியது:

ஆவியில் வைப்பதில் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் பக்கத்து வீட்டார் தெலுங்கர். ஆந்திரத்துக் குத்தி வங்காயை அவர்களிடம்தான் கற்றேன். அடைத்த காய்களைச் சூடான இருப்புச் சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு நாற்புறமும் லேசாகச் சிவக்க விட்டு, அதன் பிறகு கால் கோப்பை தண்ணீர் தெளித்து மூடினால், உள்ளே எழும் ஆவியிலேயே காய் வெந்துவிடும். தோலில் சுட்ட மணமும் தங்கும். ஆவியில் வெந்த காய்க்கு அந்த மணம் வருவதில்லை. ஹைதராபாத்தில் செய்யும் பகாரா பைங்கன் என்னும் கத்திரிக்காய்க் குழம்பில் தேங்காயும் சேர்ப்பார்கள். உங்கள் கணவருக்கு அதை விட்டுவிடுவதே நல்லது, எள்ளும் கடலையும் இருக்கும்போது சுவையில் குறை தெரியாது.

யாங்கூன் இல்லத்தரசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு ஐயம். தண்ணீர் தெளித்தால் மசாலா வெளியே வழிந்து சட்டியில் கரைந்துவிடாதா?

மோல்மேன் பெரியம்மா எழுதியது:

புளி நீர்க்க இருந்தால்தான் வழியும். மொஹிங்கா என்னும் பர்மிய மீன் நூடுல்ஸ் குழம்பில் சேர்க்கும் வறுத்த கடலை மாவு உன் வீட்டில் கட்டாயம் இருக்கும். அதில் ஒரு தேக்கரண்டியை மசாலாவோடு பிசைந்துவிட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரைக் காய் மேல் படாமல் சட்டியின் ஓரமாக விடு. அப்படியும் கொஞ்சம் வழிந்தால் வருந்தாதே, அது அடியில் கெட்டியான தொக்காக நிற்கும். பரிமாறும்போது அதை வழித்துக் காய்களின் மேலேயே தடவிவிடலாம்.