சேப்பாக்கத்துப் பழைய குழுப்படம்: பின்னணிக் கட்டடத்தைக் கொண்டு ஆண்டைக் கணிக்க முடியுமா?

கேள்வி

வணக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த என் தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து, தடித்த அட்டையில் ஒட்டிய குழுப் புகைப்படம் ஒன்று அண்மையில் கிடைத்தது. தலைப்பாகையும் கோட்டும் அணிந்த பெரியவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, இளைஞர்கள் பின்னால் நிற்கிறார்கள். இடது ஓரத்தில் ஒருவர் கைகட்டியபடி வரிசையிலிருந்து சற்று விலகி நிற்கிறார். பெயர்களும் ஸ்டூடியோவின் முத்திரையும் இருந்த அட்டையின் அடிப்பகுதியைக் கரையான் அரித்துவிட்டது. பின்புறம் பென்சிலால் 1929 என்று எழுதியிருக்கிறது. அது தாத்தா பி.ஏ. முடித்த ஆண்டு. பின்னணியில் பல்கலைக்கழக மண்டபமான செனட் ஹவுஸின் மூலைக் கோபுரம் ஒன்றும், தொலைவில் மங்கலாக ஒரு கடிகாரமும் தெரிகின்றன. இந்த ஆண்டை நம்பலாமா? அமர்ந்திருப்பவர்கள் யாரென்று அறிய வழி உண்டா?

மறுமொழி 1

அந்தக் கடிகாரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்த செனட் ஹவுஸ் 1874 முதல் 1879 வரை கட்டப்பட்டது என்பதால், அதன் கோபுரம் படத்தில் தெரிவது ஆண்டைக் குறுக்க அதிகம் உதவாது. கடற்கரைச் சாலையின் அந்தப் பகுதியில் கடிகாரங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பல்கலைக்கழக வளாகத்திலேயே தனித்து உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டு. அது 1930களில் எழுந்தது. மற்றொன்று, தெற்கே மாநிலக் கல்லூரியின் குவிமாடத்தில் நான்கு முகங்களோடு அமைந்த கடிகாரம். அதுவும் சிஷோமின் கட்டடந்தான் என்றாலும், கடிகாரமும் குவிமாடமும் கல்லூரியின் நூற்றாண்டையொட்டி 1940இல்தான் சேர்க்கப்பட்டன. ஆகவே எந்தக் கடிகாரமாக இருந்தாலும் 1929 பொருந்தாது. படம் எடுத்த காலத்தில் எழுதியதாக இல்லாமல், பின்னாளில் வீட்டில் எவரோ நினைவிலிருந்து குறித்த ஆண்டாக அது இருக்கக்கூடும்.

செனட் ஹவுஸ் முன் எடுத்த படமெல்லாம் பட்டமளிப்பு விழாப் படம் என்று கொள்வதும் தவறு. 1937இல் ராஜாஜி அமைச்சரவை பதவியேற்ற புதிதில் சென்னைச் சட்டமன்றம் கூடியது அந்த மண்டபத்தில்தான்.

மறுமொழி 2

முகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தலைப்பாகையையும் மூக்குக்கண்ணாடியையும் மட்டும் கண்டு, பெயர்பெற்ற பேராசிரியர் ஒருவரின் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். இடத்தின் பெயரும் நம்மை ஏமாற்றும். அங்கி அணிந்த பலர் சூழக் கணிதமேதை ராமானுஜன் நடுவில் நிற்கும் படத்தின் கீழ் ‘செனட் ஹவுஸ்’ என்றிருப்பதைப் படித்ததும் நமக்குச் சேப்பாக்கம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அது கேம்பிரிட்ஜில் உள்ள செனட் ஹவுஸ். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிய மனிதர் அவர். அவருடைய முகமாக இன்று நாம் பெரிதும் அறிந்திருப்பது 1919ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுப் படம். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டியின் வேண்டுகோளை ஏற்று, மாநிலக் கல்லூரியின் மாணவராக இருந்த வானியற்பியலாளர் சந்திரசேகர், 1936இல் இந்தியா வந்தபோது ராமானுஜனின் மனைவி ஜானகியம்மாளைச் சந்தித்து அதைப் பெற்றார். இத்தனை புகழ்பெற்றவரின் படமே ஒரு வீட்டிலிருந்துதான் கிடைத்தது என்பதை நினைத்தால், உங்கள் தகரப் பெட்டியை நான் சாதாரணமாக எண்ண மாட்டேன்.

மறுமொழி 3

உங்கள் தாத்தா பிற்காலத்தில் என்ன வேலை பார்த்தார்? பி.ஏ. முடித்தபின் மீண்டும் அவ்வளாகத்துக்கு வர ஒரு வலுவான காரணம் இருந்திருக்கலாம். எஸ். ஆர். ரங்கநாதன் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் வழியாகத் தொடங்கிய நூலகப் பயிற்சி வகுப்பை 1931இல் பல்கலைக்கழகமே ஏற்று, 1937 முதல் ஓராண்டுப் பட்டயப் படிப்பாக நடத்தியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் நூலகம் செனட் ஹவுஸிலிருந்து தன் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது.

மற்றொன்று. விலகி நிற்பவர் பெரும்பாலும் கடைநிலை ஊழியராக இருப்பார். இத்தகைய படங்களில் ‘அமர்ந்திருப்போர்’, ‘நிற்போர்’ என்று இடமிருந்து வலமாகப் பெயர்களை அச்சிடும்போது இவர்களை விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. அட்டை முழுதாக இருந்திருந்தாலும் அவர் பெயர் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. வீட்டில் மூத்தோர் எவரேனும் இருந்தால் முதலில் விலகி நிற்பவரைப் பற்றிக் கேளுங்கள். அசலின்மீது எதையும் எழுத வேண்டாம். இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, நகலில் குறியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பெரிதாக்கிப் பார்த்ததில் கடிகாரத்துக்குக் கீழே கோபுரம் நெடிதாக இறங்குவது தெரிகிறது; எனவே அது மணிக்கூண்டுதான். தாத்தா உயர்நிலைப் பள்ளியொன்றில் நூலகராக இருந்தார் என்பதை அத்தை நேற்று உறுதிசெய்தார்; பணியிலிருந்து விடுப்பெடுத்துச் சென்னை சென்று ஏதோ படித்தார் என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது. பின் வரிசையில் இருவரை அவர் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். ஓரத்தில் நிற்பவரை அவருக்குத் தெரியவில்லை. நகலில் அவருக்கு நேராக, ‘பல்கலைக்கழக ஊழியராக இருக்கலாம், பெயரைத் தேடுகிறோம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.