என் மகள் பொய் எழுதவில்லை: பிரான்ஸ் மருந்துக்கடையில் காளான் பார்ப்பார்களா, மாட்டார்களா?

திருவெறும்பூர்_அம்மா:
இந்தத் தளத்தின் சிறுவர் பகுதியில் என் மகள் எழுதியதற்குக் கீழே லாச்சப்பல்_அண்ணை போட்ட பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது. அவள் எழுதியது மொத்தம் பதினைந்து வரி. தெற்குப் பிரான்சில் மனோஸ்க் பக்கத்துக் கிராமத்தில் நாங்கள் இருந்தது, காட்டில் காளான் பறித்தது, அதை மருந்துக்கடையில் கொண்டுபோய்க் காட்டியது, கடைக்கார அம்மா கூடையில் இருந்த எல்லாவற்றையும் குப்பையில் கொட்டியது, அவள் அழுதது. அவ்வளவுதான். இதற்கு அண்ணை எழுதியது: "நான் 1988இல் இருந்து பிரான்சில் இருக்கிறேன், எந்த ஃபார்மசியிலும் காளான் பார்ப்பதில்லை, பிள்ளைக்கு யாரோ கதை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்." யாரோ என்றால் யார்? வீட்டில் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுப்பது நான்தானே?

என் கணவர் வெல்டிங் இன்ஜினியர். மனோஸ்க் பக்கத்துக் கதராஷில் ஏழு தரப்புகள் சேர்ந்து ஈட்டர் என்ற அணுக்கரு இணைவு உலை கட்டுகிறார்களே, அதற்கு இந்தியா செய்து கொடுத்த கிரையோஸ்டாட் என்ற பெரிய எஃகுக் கலன் வேலைக்குப் போனார். அதன் 1250 டன் அடித்தட்டை 2020 மே மாதம் கிரேனில் தூக்கிக் குழிக்குள் இறக்கும் வரை அங்கேதான் இருந்தோம். பிள்ளை கிராமத்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள். எங்கள் ஊரில் புதன்கிழமை பள்ளி கிடையாது. 2019 அக்டோபரில் ஒரு புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பாட்டி அவளைக் காட்டுக்குக் கூட்டிப் போனார், நானும் கூடப் போனேன். பைன் மரத்தடியில் ஊசி இலைகளை விலக்கினால் ஆரஞ்சு நிறத்தில் சாங்கேன் காளான். கத்தியால் காம்பை அறுத்தால் ஒயின் நிறத்தில் சாறு கசியும். "அம்மா, இதுக்கு ரத்தம் வருது" என்று கத்தியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில் கருவாலி மரத்தடியில் இருந்து, எங்கள் இருவருக்கும் தெரியாமல், அழகாக இருக்கிறதே என்று ஒரு வெளிர்பச்சைக் காளானையும் பிடுங்கிக் கூடைக்குள் போட்டிருக்கிறாள். சமைப்பதற்கு முன்னால் மருந்துக்கடையில் காட்டியே ஆக வேண்டும் என்று சொன்னது அந்தப் பாட்டிதான். ஐம்பது வருடமாகக் காளான் பறிப்பவர். கடையில் மேஜை மேல் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அந்த வெளிர்பச்சைக் காளானின் அடியில் முட்டை ஓடு மாதிரி ஒரு பை. அதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒன்றாகக் கிடந்ததால் எதையும் தர மாட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காசு வாங்கவில்லை.

இதில் எது கட்டுக்கதை என்று சொல்லுங்கள்.

லாச்சப்பல்_அண்ணை:
தங்கச்சி, கோபப்பட வேண்டாம். பிள்ளை பொய் சொன்னது என்று நான் எழுதவில்லை, கதை கட்டிக் கொடுத்தார்கள் என்றுதான் எழுதினேன், இரண்டும் வேறு. நான் லா கூர்னவ்வில் இருக்கிறேன். வீட்டுக்குக் கீழேயே ஃபார்மசி. நேற்று இதற்காகவே போய்க் கேட்டேன். அங்கே நின்ற பெண்பிள்ளை "நாங்கள் அது செய்வதில்லை மிஸ்யூ" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? ஃபார்மசியில் காளான் பார்ப்பதில்லை. நானே கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.

காரைக்கால்காரன்:
லா கூர்னவ்வில் காட்டுக் காளான் எங்கே முளைக்கிறது ஐயா, டிராம் தண்டவாளத்திலா? கிராமத்து விஷயத்தைக் கிராமத்தில் கேட்க வேண்டும். நான் துலூஸ் பக்கம் 22 வருடமாக இருக்கிறேன். இலையுதிர் காலம் வந்தால் எங்கள் ஊர் மருந்துக்கடைக் கண்ணாடியில் விஷக் காளான் படம் போட்ட சுவரொட்டி தொங்கும். நானே செப் காளான் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்தைத் தாண்டியும் பிரான்ஸ் இருக்கிறது என்பது சிலருக்குக் கடைசி வரை தெரிவதில்லை.

லாச்சப்பல்_அண்ணை:
வந்துவிட்டார் பிரெஞ்சுக்காரர். காரைக்கால், புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962இல் அமலுக்கு வந்தபோது உங்கள் தாத்தா ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டார், பாஸ்போர்ட் கிடைத்தது. நாங்கள் உணவகத்தின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவி, ஒஃப்ரா அலுவலகத்தில் அகதி வழக்குக்கு வரிசையில் நின்று வாங்கிய நாடு இது. எனக்குப் பிரான்ஸ் தெரியாது என்று நீங்கள் சொல்லக் கூடாது. ஃபார்மசி விஷயத்துக்கு வாங்கோ. எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இலக்கம் சொல்லுங்கள்.

மருந்தாளன்:
நான் பிரான்சில் மருந்தியல் படித்தவன் என்பதால் எழுதுகிறேன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள், கடமை வேறு, வழக்கம் வேறு. காளானியல் எங்கள் பாடத்திட்டத்தில் உண்டு. இலையுதிர் காலத்தில் தட்டுத் தட்டாக உண்மையான காளான்களை அடுக்கி வைத்து, எது என்ன என்று அடையாளம் சொல்லச் சொல்வார்கள். அதனால்தான் சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடமோ காளான் சங்கத்திடமோ காட்டுங்கள் என்று ஆன்செஸ் என்ற அரசு உணவுப் பாதுகாப்பு முகமை ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிறது. ஆனால் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நகரத்தில் வருடக்கணக்கில் காளானையே பார்க்காதவர் எனக்குப் பழக்கமில்லை என்று மறுக்கலாம், மறுப்பதுதான் நேர்மை. அந்தக் குழந்தை பறித்தது, விவரித்ததை வைத்துப் பார்த்தால், அமனிட்டா ஃபலாய்டீஸ் என்ற கொடிய விஷக் காளான். தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுவில் ஒரு நாள் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் கல்லீரல் போகும். கூடை முழுவதையும் கொட்டியது சரியான செயல்.

லாச்சப்பல்_அண்ணை:
பார்த்தீர்களா, படித்தவரே கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் சொன்னதும் அதுதான்.

திருவெறும்பூர்_அம்மா:
அண்ணா, நீங்கள் சொன்னது "எந்த ஃபார்மசியிலும் பார்ப்பதில்லை". உங்கள் வரியைத்தான் மேலே அப்படியே போட்டிருக்கிறேன். பாடமே நடத்துகிறார்கள், அரசாங்கமே போய்க் காட்டுங்கள் என்கிறது என்று அவர் சொன்னது உங்கள் கண்ணில் படவில்லையா?

சிவப்புக்குடை:
எனக்கு வேறு கேள்வி. அந்தக் காடு யாருடையது? பிரான்சில் காளான் நிலத்துக்காரருக்குத்தான் சொந்தம். அனுமதி இல்லாமல் பறித்தால் திருட்டு. அரசுக் காட்டில்கூட ஆளுக்கு ஐந்து லிட்டர் கூடைக்கு மேல் கூடாது. எட்டு வயதுக் குழந்தைக்கு இதையா கற்றுக் கொடுப்பது?

திருவெறும்பூர்_அம்மா:
பாட்டியின் மைத்துனருடைய காடு. பாதிக் கூடைகூட நிறையவில்லை. திருடி என்று வேறு எழுதியாகிவிட்டதா என் பெண்ணை?

சிவப்புக்குடை:
கேள்விதான் கேட்டேன்.

காரைக்கால்காரன்:
சிவப்புக்குடை எல்லாத் திரியிலும் கேள்விதான் கேட்பார். போன வருடம் தோசை மாவு குளிரில் புளிக்குமா என்ற திரியில் நூறு கேள்வி கேட்டார், ஒரு முறைகூட மாவு அரைத்ததில்லை என்று கடைசியில் தெரிந்தது. அப்புறம் மேடம், "சாங்கேன்" இல்லை, "சான்கேன்" என்று மூக்கால் சொல்ல வேண்டும்.

திருவெறும்பூர்_அம்மா:
எங்கள் கிராமத்தில் சொன்னபடிதான் எழுதினேன். தெற்கில் எல்லோரும் மூக்கால் சொல்லும் இடத்தில் ஒரு "ங்" போட்டு இழுப்பார்கள். ரொட்டியை "பேங்" என்பார்கள். பள்ளியில் சேர்ந்த மூன்றாவது மாதமே என் மகள் அப்படித்தான் பேசினாள், பாரிசில் இருந்து வந்த தபால்கார அம்மா கேட்டுச் சிரித்தார். துலூசில் இருந்துகொண்டு இதுகூடக் காதில் விழவில்லையா?

காரைக்கால்காரன்:
வீட்டில் நாங்கள் நான்கு தலைமுறையாகப் பிரெஞ்சு பேசுகிறோம். சரியான உச்சரிப்பு என்று ஒன்று இருக்கிறது.

லாச்சப்பல்_அண்ணை:
உச்சரிப்பை விடுங்கள். ஃபார்மசிக்கு வாருங்கள். காசு வாங்காமல் ஒரு கடை எதற்காக அரை மணித்தியாலம் மினக்கெட வேண்டும்? இந்த நாட்டில் யார் எதைச் சும்மா செய்கிறார்கள்? தங்கச்சிக்குத் தெரிந்த ஆள் என்பதால் ஒருநாள் பார்த்திருப்பார். அதைப் பிரான்ஸ் முழுக்க வழக்கம் என்று பிள்ளை எழுதினால் இங்கே படிக்கிறவர்கள் நம்பி, கண்டதையும் பிடுங்கிக்கொண்டு ஃபார்மசிக்குப் போவார்கள். அங்கே இல்லை என்று சொன்னால், சரி என்று வீட்டில் சமைத்துத் தின்பார்கள். ஊரில் மழைக்குப் பிறகு காளான் பிடுங்கிப் பழகின சனம் எங்கள் சனம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கை வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மருந்தாளன்:
அண்ணை சொல்லும் அந்த ஆபத்து உண்மைதான். நம் ஊர் காளான் கண் இங்கே உதவாது. ஒரு கடையில் மறுத்தால் இன்னொரு கடை, இல்லையென்றால் காளான் சங்கம், அதுவும் இல்லையென்றால் தின்னக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கொண்டு போகாதீர்கள். வேரடி வரை முழுசாக எடுங்கள், அந்தப் பை மண்ணுக்குள்தான் இருக்கும். சமைப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், ஏதாவது ஆகி அவசர மருத்துவ எண் 15க்கு அழைத்தால் அந்தப் படம் உதவும்.

திருவெறும்பூர்_அம்மா:
மருந்தாளன் தம்பிக்கு நன்றி. அண்ணா, அந்தக் குடும்பத்துக்கு நடந்ததைப் படித்து வருத்தப்பட்டேன். ஆனால் அதை ஏன் என் மகள் தலையில் வைக்கிறீர்கள்? அவள் எழுதியதே கடைக்கார அம்மா கொட்டிவிட்டார் என்றுதான். சமைத்துத் தின்றேன் என்று எழுதவில்லை. அவள் அழுதாள் என்று எழுதினாள். வழி முழுக்க விசும்பிக்கொண்டே வந்தாள். பாட்டி சமாதானம் சொல்லவே இல்லை. மறுநாள் வாசலில் வந்து நின்று, கூடையை நீட்டி, "வா, திரும்பப் போவோம்" என்றார். அவரை இவள் "மமி" என்று கூப்பிடுவாள், அங்கே பாட்டிக்கு அதுதான் பெயர். திருச்சியில் என் மாமியார் போனில் கேட்டுவிட்டு, "எழுபது வயசுக்காரியைப் போய் மாமிங்கிறாளே" என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிராமத்தில் வைத்துப் பிள்ளையைக் கெடுத்தேன் என்று நீங்கள் அதே பதிலில் இன்னொரு வரியும் எழுதினீர்கள், அதையும் நான் மறக்கவில்லை. ஈட்டர் பிள்ளைகளுக்கு மனோஸ்கில் சர்வதேசப் பள்ளி இருக்கும்போது ஏன் கிராமத்துப் பள்ளி என்று கேட்டீர்கள். பள்ளி எங்கள் வீட்டில் இருந்து முந்நூறு அடி. ஜனவரியில் இங்கே வழக்கமான "அரசர்கள் கேக்" வெட்டும்போது இருப்பதிலேயே சின்னப் பிள்ளை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து எந்தத் துண்டு யாருக்கு என்று குரல் கொடுக்க வேண்டும். பிரெஞ்சில் பத்து வார்த்தை தெரியாத என் பெண் மேஜைக்கு அடியில் இருந்து வகுப்புப் பெயர் முழுவதையும் சொன்னாள். 2020 ஊரடங்கில் வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர்தான் போகலாம் என்றார்கள். அப்பாவின் காம்பஸை எடுத்து வரைபடத்தில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருந்த ஒவ்வொரு பாதாம் மரத்துக்கும் பெயர் வைத்தாள். சான்த் குருவா ஏரியில் பெடல் படகு ஓட்டும்போது, 1970களில் அணை கட்டியபோது ஒரு ஊரே இந்தத் தண்ணீருக்குள் போனது என்று சொன்னேன். "மேட்டூர் மாதிரியா, தண்ணி குறைஞ்சா கோயில் தெரியுமா" என்று படகில் இருந்து குனிந்து குனிந்து பார்த்தாள். இதையெல்லாம் பதினைந்து வரியில் எழுத இடமில்லை, காளானை மட்டும் எழுதினாள். அதைத்தான் நீங்கள் கட்டுக்கதை என்றீர்கள்.

சிவப்புக்குடை:
கிராமத்துப் பள்ளி கேண்டீனில் மாட்டுக்கறி போட்டார்களா? சைவம் கிடைத்ததா?

காரைக்கால்காரன்:
வாரத்துக்கு ஒரு நாள் சைவச் சாப்பாடு போட வேண்டும் என்று 2019 நவம்பரில் இருந்தே விதி இருக்கிறது. அதையும் தெரியாமல் கேட்கிறார்.

சிவப்புக்குடை:
மீதி மூன்று நாள்?

லாச்சப்பல்_அண்ணை:
கேண்டீனுக்கு வேறு திரி திறவுங்கள். தங்கச்சி, நீங்கள் நீளமாக எழுதிவிட்டீர்கள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த ஃபார்மசியின் பெயரைப் போடுங்கள். நானே போன் எடுத்துக் கேட்கிறேன், காளான் பார்ப்பீர்களா என்று.

திருவெறும்பூர்_அம்மா:
போட மாட்டேன். என் பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய அந்த அம்மாவை நீங்கள் போனில் விசாரணை செய்ய வேண்டியதில்லை.

லாச்சப்பல்_அண்ணை:
அப்படியென்றால் ஆதாரம் இல்லை.

காரைக்கால்காரன்:
எங்கள் ஊர்க் கடைச் சுவரொட்டியைப் படம் எடுத்துப் போடட்டுமா?

லாச்சப்பல்_அண்ணை:
சுவரொட்டி ஃபார்மசிக்கு யாரோ கொடுத்து ஒட்டுவது. இருமல் மருந்துச் சுவரொட்டியும் ஒட்டியிருக்கும். நான் கேட்டது, பார்ப்பார்களா?

மருந்தாளன்:
கடமை வேறு, வழக்கம் வேறு என்று முதலிலேயே எழுதினேன்.

திருவெறும்பூர்_அம்மா:
அந்தக் கூடை இன்னும் எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. திருச்சிக்குக் கிளம்பும் அன்று பாட்டி பெட்டியில் வைத்துக் கொடுத்தது. வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். கைப்பிடியில் சாங்கேன் சாறு பட்ட கறை பச்சையாக மாறி அப்படியே இருக்கிறது, எத்தனை கழுவினாலும் போகவில்லை. இந்தத் திரியை மகளிடம் படித்துக் காட்டினேன். "அந்த மாமாவை அக்டோபரில் போய்ப் பார்க்கச் சொல்லு" என்றாள். போய்ப் பாருங்கள் அண்ணா. பாரிசில் இருந்து ரயிலில் அந்தப் பக்கத்து எக்ஸ் நகரம் வரை மூன்று மணி நேரம்தான்.

லாச்சப்பல்_அண்ணை:
கூடை இருக்கலாம். கறையும் இருக்கலாம். நான் கேட்டது ஃபார்மசி.