"தேவி" என்றால் அதட்டுவதுபோல் இருக்கிறதாம்: இத்தாலியனில் யோசனை சொல்ல எதைப் பயன்படுத்துவது?

கேள்வி

இத்தாலியின் தொரீனோ (துரின்) நகரில் இத்தாலிய நண்பர்கள் இருவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். காபி பொங்கும்போது "தேவி அப்பஸ்ஸாரே இல் ஃபுவோக்கோ" (தீயைக் குறைக்கணும்) என்றேன். இலக்கணம் சரிதானாம், ஆனால் அதட்டுவதுபோல் இருக்கிறதாம். "தி கொன்சீல்யோ அப்பஸ்ஸாரே" (குறைக்கும்படி உனக்கு யோசனை சொல்கிறேன்) என்றாலும் திருத்துகிறார்கள். எங்கே தப்பு? வீட்டுக்கார அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பதில் 1

"தேவி" கட்டாயத்தைச் சொல்வது. மருந்தை வேளைக்குச் சாப்பிடு, பயணச்சீட்டில் முத்திரை குத்து என்பது போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே வினையை "தொவ்ரேஸ்தி" (செய்தால் நல்லது என்ற மென்மையான வடிவம்) ஆக்கினாலே கடுமை குறைந்துவிடும். ஆனால் வீட்டுப் பேச்சுக்கு நான் முதலில் சொல்வது "தி கொன்வியேனே அப்பஸ்ஸாரே இல் ஃபுவோக்கோ". குறைத்தால் உனக்குத்தான் நல்லது என்ற தொனி அதில் இருக்கிறது.

இரண்டாவது வாக்கியத்தில் ஒரு "தி" விடுபட்டிருக்கிறது. "தி கொன்சீல்யோ தி அப்பஸ்ஸாரே" என்று வரவேண்டும். தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தில்தான் எழுத முடியும் என்பதால் நம்மவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். முதல் "தி", 'தீ' என்ற சொல்லில் வரும் வல்லொலி. "உனக்கு" என்று பொருள். இரண்டாவது, 'பந்தி'யில் வரும் ஒலி. கொன்சீல்யோவை அடுத்த வினையோடு சேர்ப்பது அதுதான். கொன்வியேனே, பிஸோஞ்ஞா (வேண்டும்), பாஸ்தா (போதும்) இவற்றுக்குப் பிறகு அந்த இரண்டாவது "தி" வரவே கூடாது, வினை நேராக வரும்.

நயமாகச் சொல்ல: "ஃபொஸ்ஸி இன் தே, அப்பஸ்ஸெரேயி இல் ஃபுவோக்கோ" (உன் இடத்தில் நான் இருந்தால் குறைத்திருப்பேன்). முன்பாதியில் ஃபொஸ்ஸி, பின்பாதியில் -ரேயி. "ஸே சரேயி இன் தே" என்று முன்பாதியிலும் -ரேயி போட்டால் பிழை.

பதில் 2

ஒன்று சேர்க்கிறேன். செய்முறை சொல்லும்போது நேரடி ஏவலே போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். மோக்கா பாத்திரத்துக்கு (அடுப்பில் வைத்துக் காபி போடும் இத்தாலியப் பாத்திரம்): "ரியெம்பி ஃபீனோ அல்லா வால்வொலா" (வால்வு வரை தண்ணீர் ஊற்று), "நொன் ப்ரெஸ்ஸாரே இல் கஃபே" (தூளை அழுத்தாதே). அழுத்தினால் தண்ணீர் மேலேறச் சிரமப்படும், காபி கசக்கும். "நீ" என்று பேசும்போது 'செய்யாதே' என்பதற்கு நொன்னோடு வினையின் மூல வடிவம். "நொன் ப்ரெஸ்ஸா" தப்பு.

வீட்டுக்கார அம்மாவிடம் மரியாதை வடிவம் ("உனக்கு" என்ற "தி"க்குப் பதில் "உங்களுக்கு" என்ற "லே"): லே கொன்வியேனே, லே கொன்சீல்யோ, தொவ்ரெப்பே, ஸே ஃபொஸ்ஸி இன் லேயி. ஃபொஸ்ஸி மாறாது, ஏனென்றால் அங்கே எழுவாய் "நான்". "முயன்று பார்" என்று சொல்லும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள்: நண்பரிடம் "ப்ரோவா", அம்மாவிடம் "ப்ரோவி". சாதாரண வாக்கியத்தில் இது அப்படியே தலைகீழ்: "பெர்க்கே நொன் ப்ரோவி?" நண்பரிடம், "பெர்க்கே நொன் ப்ரோவா?" அம்மாவிடம்.

கேட்டவர்

மிக்க நன்றி. "மி ரக்கொமாந்தோ" என்றும் காதில் விழுகிறதே, அதுவும் யோசனையா?

பதில் 2

யோசனை இல்லை, வலியுறுத்தல். நம் "மறந்துடாதே" மாதிரி. சொன்னதன் பின்னாலோ முன்னாலோ ஒட்டிக்கொள்ளும்: "கியூதி இல் காஸ், மி ரக்கொமாந்தோ!" (கேஸை மூடு, மறந்துடாதே!) நண்பர், பிள்ளைகள், தெரிந்தவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். மேலதிகாரியிடமும் முன்பின் தெரியாத பெரியவரிடமும் வேண்டாம், பாடம் எடுப்பதுபோல் படும்.